வெடி தீர்ந்த பிறகு இறங்கிய பதினெட்டாம் இலக்கம்

இந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரம். பருத்தித்துறையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை முற்றத்துக்கு இறக்கி, அயலவர்கள் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அயர்லாந்தில் அப்போது மத்தியானம்.

என் தங்கை திருமணமாகி அயர்லாந்துக்குப் போனவள். அங்கே பிறந்த அவளுடைய மகன் றக்பி விளையாடுகிறான். முன்வரிசையின் வலப்பக்கத்தில் நின்று முட்டுக்கொடுப்பவன். பந்தைத் தொடுவது அபூர்வம், தள்ளுவதுதான் வேலை. பள்ளிக்கூட அணி, இளையோர் அணி, பிறகு ஒரு பெரிய கழகத்தின் பயிற்சிக்கூடம் என்று படிப்படியாக வந்தவன். அவனுடைய ஒவ்வொரு ஆட்டத்தின் திகதியும் முடிவும் எனக்கு மனப்பாடம். அதனால் இந்த விளையாட்டில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குள்ளே நிபுணர் நான்தான் என்று ஒரு பேர் இருந்தது.

அந்த ஆட்டப் பருவத்தோடு அவனுடைய பயிற்சிக்காலம் முடிகிறது. பயிற்சி பெறும் பெடியன்களில் சிலரைத்தான் கழகம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். மார்கழியில் ஒருமுறை கழகத்தின் பெரிய அணிக்கு மாற்று ஆட்டக்காரனாகக் களத்தின் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டையில் மண் படாமலே வீட்டுக்கு வந்திருந்தான். தங்கை தொலைபேசியில் அழாத குறை. “களத்திலை இறக்கிப் பாத்தாத்தானே அண்ணை, வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு அவங்களுக்குத் தெரியும்” என்றாள். இப்போது இரண்டாவது தடவையாக அவனுடைய பெயர் வந்திருந்தது. முதுகில் பதினெட்டாம் இலக்கம்.

எங்கள் ஒழுங்கைக்கு அவன்மீது தனி உரிமை ஒன்று இருந்தது. முந்தின ஆவணியில் சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது, காலையில் கரைக்குப் போய்விடுவான். கடலால் வந்த வள்ளத்தை மணலில் ஏற்றும்போது எல்லோரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, ஒருவர் ‘ஐலசா’ என்று குரல் கொடுக்க, அந்தக் குரலுக்கு ஒன்றாகத் தள்ளுவார்கள். இவன் முதல் நாள் ஆர்வத்தில் குரலுக்கு முன்னரே தள்ளிவிட்டான். அவனுடைய பலத்துக்கு வள்ளத்தின் மூக்கு ஒரு பக்கம் திரும்பி, எதிர்ப்பக்கம் நின்ற இரண்டுபேர் தண்ணீரில் விழுந்தார்கள். வள்ளச் சொந்தக்காரர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். “தம்பி, வள்ளத்தைக் கரைக்குத் தள்ளு, அயர்லாந்துக்குத் தள்ளாதை” என்றார். குரலுக்கு முந்தித் தள்ளாதே என்றுதான் தன்னுடைய பயிற்சியாளரும் தினமும் திட்டுவதாக அவன் சொல்லிச் சிரித்தான். திரும்பிப் போகும்வரை ஒரு காலையும் தவறவிடவில்லை.

ஆகவே அன்று முற்றத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அவனோடு வள்ளம் தள்ளியவர்கள். பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சீனவெடிக் கட்டு ஒன்று வேலிக் கதியால் தடியில் தொங்கியது. அவன் களத்தில் கால் வைத்ததும் கொளுத்துவது என்று ஏற்பாடு. எப்போது கொளுத்துவது என்று சொல்லவேண்டியவன் நான்.

இரண்டாம் பாதியிலும் பாதி நேரம் கடந்தபோது, ஓரத்தில் ஒரு தடித்த உருவம் மேலங்கியைக் கழற்றியது. எங்கள் இணைய வேகத்துக்குப் படம் கலங்கலாகத்தான் வந்தது. கட்டைத் தலைமயிர், அகன்ற முதுகு, முன்வரிசைக்காரனின் நடை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. “கொளுத்துங்கோ” என்றேன்.

வெடி படபடவென்று வெடித்து, நாய்கள் ஓடி, புகை அடங்கியபோது படமும் தெளிந்தது. இறங்கியவன் பதினேழாம் இலக்கம். சிவந்த தாடியோடு ஒரு ஐரிஷ்காரன்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு அடுத்த வீட்டுக்காரர் மெதுவாக, “பறவாயில்லை அண்ணை, அந்தப் பெடியனுக்கும் ஒரு தாய் இருப்பாதானே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியைத் தவிர. முந்திக் கொண்டாடியதால் இனி அவனை இறக்கவே மாட்டார்கள் என்பது அவளுடைய பயம். நேரம் போகப்போக அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அவன் ஓரத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது, அவர்களுடைய முன்வரிசையின் வலப்பக்கத்துக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டு இறங்கியது. கொளுத்த எங்களிடம் ஒரு வெடியும் இல்லை.

வந்ததும் வராததுமாக அவனுடைய அணியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்கிரம். இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து, நடுவரின் சொல்லுக்கு முட்டித் தள்ளுவது. எதிரணி தள்ளி முன்னேறினால் அவ்வளவுதான். முதல் முட்டலில் எல்லோரும் சரிந்து விழுந்தார்கள். யார் பிழை என்று தெரியவில்லை. மறுபடி கோக்கச் சொன்னார் நடுவர்.

எனக்குப் பின்னால் கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், வள்ளம் தள்ளுகிறவர்கள் எழுந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நடுவர் வாய் அசைக்க, அடுத்த வீட்டுக்காரர் கரையில் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தார். “ஐலசா!” முற்றம் முழுக்க ஒன்றாகக் கத்தியது. சாகும்வரை என்னைக் கேலி செய்யலாம். நானும் தொலைக்காட்சி மேசையைத் தள்ளினேன்.

திரையில் அந்தக் கும்பல் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு எங்கள் பக்கம் ஒரு அடி முன்னேறியது. இன்னொரு அடி. எதிரணி குலைந்தது. நடுவரின் கை எங்கள் பக்கம் உயர்ந்தது, பிழை எதிரணியுடையது. பெரிய பெரிய வீரர்கள் ஓடிவந்து அவனுடைய தலையைத் தடவினார்கள். என் மனைவி மேசையைப் பிடித்திருக்காவிட்டால் தொலைக்காட்சி விழுந்திருக்கும்.

அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். எங்கள் முற்றத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அவனே அழைத்தான். “மாமா, அந்த ஸ்கிரம் பாத்தனீங்களோ?” என்றுதான் முதலில் கேட்டான். நான் பதில் சொல்லுமுன் அடுத்த வீட்டுக்காரர் தொலைபேசியை வாங்கி, “பாத்தம் தம்பி. இந்தமுறை நீ முந்தித் தள்ளேல்லை” என்றார். அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது.

பங்குனியில் கழகம் அவனோடு ஒப்பந்தம் செய்தது. அவனைப் பற்றிய எல்லா விபரமும் திகதி வாரியாக என்னிடம் உண்டு. ஆனாலும் விடியற்காலையில் கரைப்பக்கமிருந்து அந்தக் குரல் எழும்போது, அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே மூச்சில் தோள் கொடுத்த அந்த ஒரு நிமிடம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, படுக்கையில் கிடந்தபடியே என் தோளும் தானாக ஒருமுறை முன்னே தள்ளுகிறது.