நிண்டு வாற வீடியோ

பழைய இஸ்திரிப்பெட்டியின் அடியில் மெழுகு உருகும் வாசம் மூக்கில் ஏறினால் போதும், மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் எங்கள் கராஜுக்குள் மே மாதம் வந்து உட்கார்ந்துவிடும். மெழுகும், எப்போதோ கருகின சேர்ட்டும், கதவிடுக்கால் நுழையும் குளிரும் கலந்த வாசம். அதை இழுத்தபடி நாங்கள் மூன்று பேர் ஒரு பலகையைச் சுற்றி, ஒப்பரேஷன் மேசையைச் சுற்றி நிற்கும் டொக்டர்மார் மாதிரி நிற்போம். பனிச்சறுக்குப் பலகை; வழுக்குவதற்காக அதன் அடியில் மெழுகை உருக்கித் தேய்க்கவேண்டும். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு மலையிலிருந்து வழுக்கி வருவது. சொல்லும்போது ஏதோ தண்டனை மாதிரித்தான் இருக்கும். அந்தத் தண்டனைக்காக நாங்கள் கோடை முழுவதும் ஏங்கிக் கிடந்தோம்.

"பிள்ளையள் வளந்திட்டுதுகள் எண்டு நிம்மதியா இருந்தன்," என்றாள் மனைவி, கராஜ் கதவில் நின்று. "இப்ப நீங்கள் தொடங்கிட்டியள். என்ர புது அயன் பொக்ஸில மட்டும் கை வச்சியளெண்டால் தெரியும்."

இந்த நாட்டில் ஜூனில் தொடங்கும் பனிக்காலத்துக்குக் காத்திருப்பது ஒரு நோய். மலையுச்சியில் ஒரு கமரா வைத்திருக்கிறார்கள். போனைத் திறந்தால் மலை தெரியும். காலைத் தேநீரோடு மலை, ரயிலில் மலை, வேலையிடத்துக் கூட்டத்தில் மேசைக்குக் கீழே மலை. அங்கே புல் பச்சையாக, வெட்கமில்லாமல், வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் மூவரில் ஒருவர் பல் வைத்தியர், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு, பல் முரசு விறைக்கும் வரைக்கும் மலையைப் பார்ப்பாராம். அந்த இடைவெளியில்தான் எனக்குப் போன் வரும்.

"மச்சான், பாத்தியா? இடப்பக்கம் வெள்ளையாக் கிடக்கு."

"அது ஆரோ கார் பார்க்கில நிப்பாட்டின வான்."

"அதுக்குப் பக்கத்தில?"

"கங்காரு."

"வெள்ளைக் கங்காருவோ?"

"உன்ர கண்ணைக் காட்டு முதல், பல்லை விட்டிட்டு."

மூன்றாமவர்தான் இந்தக் கதைக்குரியவர். எங்களிலும் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், அகதியாகக் கப்பலில் வந்தவர், தற்காலிக விசாவில் இருப்பவர். நாள் முழுக்க முழங்காலில் நின்று குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். பனிமலையிலும் அவர் பெரும்பாலும் முழங்காலில்தான் நின்றார். அல்லது தொப்பென்று கீழே இருந்தார். இரண்டு பனிக்காலம் எங்களோடு வந்தும், ஒரு சரிவைக்கூட அவர் மேலிருந்து கீழ்வரை நின்றபடி முடித்ததில்லை. வவுனியாவில் தாயோடு இருக்கும் அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் எடுத்து அனுப்பும் வீடியோக்களை அவள் பரீட்சைத்தாள் திருத்துகிற ஆசிரியை மாதிரிப் பார்ப்பாள். உடனே குரல் பதிவு வரும்: "அப்பா, திரும்பவும் இருந்திட்டீங்கள். நிண்டு வாற வீடியோ அனுப்புங்கோ."

மூன்றாவது வருடம் அவருக்கு வடக்கே டார்வினில் வேலை கிடைத்திருந்தது. நிலையான வேலை, விட முடியாது. டார்வினில் ஐஸ் என்றால் குளிர்பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும். ஜூன் மாத நீண்ட வார இறுதியில் பனிக்காலம் முறைப்படி தொடங்கும். அதற்கடுத்த கிழமை அவர் விமானம் ஏறவேண்டும். ஆக அவருக்கு அந்த ஒரு வார இறுதிதான். பருவம் திறக்கிறது என்ற அறிவித்தலோ மெல்பேர்ண் வானத்துக்கு எந்த வருடமும் போய்ச் சேருவதில்லை.

"அண்ணை, புதுக் கார் எடுத்தால் பூசை செய்யுறமெல்லோ," என்றார் ஒருநாள், பலகையைத் தடவியபடி. "இதுவும் வாகனந்தானே?"

பல் வைத்தியர் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயில் கார் தரிப்பிடத்தில், தூறலுக்குள், மூன்று பலகைகளோடு நின்றோம். ஒரு பக்கம் புதுக் கார் ஒன்று மாலையோடு பளபளத்தது. ஐயர் அதை முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குச் சில்லு எங்க?"

"சில்லு இல்லை ஐயா."

"அப்ப தேசிக்காயை எங்க வைக்கிறது?"

புதிய வாகனத்தின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டு புறப்பட்டால்தானே பூசை நிறைவு? பல் வைத்தியர் யோசனை சொல்லத் தொடங்கினார். ஐயர் கையமர்த்தினார். "முன்பக்கம் எது? அதையாவது சொல்லுங்கோ."

"இரண்டு பக்கமும் முன்பக்கமா வரும் ஐயா. ஆளைப் பொறுத்தது."

ஐயர் மணியைக் கையில் எடுத்தார். தினமும் எத்தனையோ விதமான பக்தர்களைக் காண்கிற மனிதர். மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். தேசிக்காயை நிலத்தில் வைத்து, அதன் மேல் பலகையைப் போட்டு, டைல்ஸ்காரரை ஏறி மிதிக்கச் சொன்னார். அவர் ஏறினார், தேசிக்காய் உருண்டது, பலகை வழுக்கியது, புதுக் காரின் கதவுக்கு ஒரு சாண் தள்ளி அவர் நிலத்தில் இருந்துவிட்டார். கார்க்காரர் தன் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே வந்து கைகளை விரித்து நின்றார்.

பிழை நடந்தது அதற்குப் பிறகு. அடியில் அச்சிட்டிருந்த படம் வடிவாக இருக்கிறதென்று நாங்கள் பலகைகளின் அடிப்பக்கம் வெளியே தெரிய மதிலில் சாய்த்து வைத்திருந்தோம். இரண்டு மாதமாக மெழுகு தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய அந்த அடிப்பக்கத்தில், ஐயர் திருநீற்றை மூன்று குறியாக இழுத்து, நடுவில் உள்ளங்கையளவு சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நானும் பல் வைத்தியரும் ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். டைல்ஸ்காரர் விடவில்லை.

"சாமிக்கு முன்னால வச்சதைத் துடைக்கிறதோ? நான் மாட்டன்."

"தம்பி, அது காய்ஞ்சு சீமெந்து மாதிரி நிண்டிடும். பலகை ஓடாது."

"சீமெந்தைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ அண்ணை."

நீண்ட வார இறுதி வந்தது. மூன்று மணி நேரக் கார்ப் பயணம். கண்ணாடிக்கு வெளியே மரங்கள், மூடுபனி, மரங்கள், ஆடுகள், பனியைப் போலத் தோன்றி நெஞ்சை ஏமாற்றிய வெள்ளைப் பாறைகள். மலை பச்சையாக இருந்தது. பச்சைச் சீலைக்கு வெள்ளைக் கரை வைத்தது மாதிரி, இயந்திரத்தால் தூவிய பனி ஒரே ஒரு துண்டு, அதுவும் குழந்தைகள் பழகும் சரிவில். உயரம் எங்கள் வீட்டு மாடிப்படியைவிடக் கொஞ்சம் கூட. அங்கே வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் பாற்பல் விழுந்திருக்காது. பல் வைத்தியர் தொழில் முறையில் அதை உறுதிப்படுத்தினார்.

முதல் தடவை டைல்ஸ்காரர் விழுந்தார். இரண்டாம் தடவை, விழுந்த ஒரு குழந்தைக்கு வழிவிட்டு விழுந்தார். பிறகும் விழுந்தார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. உண்மையான, கொழுத்த, மெல்பேர்ண் மழை. வெள்ளைக் கரை சாம்பல் நிறமாகி, ஓரங்களில் புல் எட்டிப் பார்த்தது. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டைல்ஸ்காரர் மேலே போய் நின்றார். வாய் எதையோ முணுமுணுத்தது. சரிவு செங்குத்தாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பல் வைத்தியர் கீழே சேற்றில் குப்புறப் படுத்துப் போனைப் பிடித்தார்.

வந்தார். ஆமையின் வேகம்கூட இல்லை. பலகை பனியைப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு, ஒரு பழைய லொறி மேட்டில் ஏறுவது போல இறங்கியது. கைகள் இரண்டும் விரிந்து, முழங்கால் மடங்கி, கண் நேரே எங்களைப் பார்த்து. நடுவழியில் இளஞ்சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒரு சிறுமி, நான்கு வயதிருக்கும், சர்ரென்று அவரைக் கடந்து போனாள். அவர் அசையவில்லை. வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். கீழே வந்து நின்றார். நின்றார்!

"எல்லாம் சந்தனம் மச்சான், பிரேக் மாதிரி வேலை செய்திருக்கு," என்றார் பல் வைத்தியர், வாயிலிருந்து சேற்றைத் துப்பியபடி.

"என்ர கால் அண்ணை, என்ர கால்!" என்று கத்தினார் அவர். கண் கலங்கியிருந்தது, மழை என்றார்.

வீடியோ அங்கிருந்தே போனது. திரும்பும் வழியில் பின் இருக்கையில் போனைக் காதில் வைத்து அவர் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார், எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. அவருடைய வீட்டு வாசலில் பலகையை இறக்கிக் கொடுத்தேன். மூன்று பேரும் ஈரச் சட்டைகளோடு கட்டிப்பிடித்தோம். கார் நகரும்போது அவர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"அண்ணை, அந்தப் பிங்க் ஹெல்மெட் போட்ட பிள்ளை ஆரெண்டு மகள் கேட்டவள். ஒலிம்பிக்குக்குப் பழகிற பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். உங்களிட்டக் கேட்டால் மாத்திச் சொல்லிப்போடாதேங்கோ."