ஐந்து கிழங்குகளைத் தேடி, மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை

காலை ஏழு மணி, மயிலாப்பூர். தொண்ணூற்றாறாம் வருடம், நவராத்திரி ஐந்தாம் நாள்.

போக வர இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் பயணம்தான். துணிப்பையில் மண் கிளறும் கரண்டி, தண்ணீர் பாட்டில், ஒரு பழைய செய்தித்தாள். புறப்பட்ட காரணம் திருட்டு.

மூன்று நாள் முன்பு ஊர் முழுக்க நல்ல மழை. ரெயின் லில்லி வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு அது. குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில், இலையுதிர் காலத்தில் வெறும் தரையிலிருந்து நேராகப் பூவை நீட்டும் க்ரோகஸ் படங்களைப் பார்த்து ஏங்குகிற என் போன்றவர்களுக்கு இந்த ஊரில் வாய்த்தது இதுதான். கோடையில் தண்ணீரை நிறுத்தினால் இலை காய்ந்து, தொட்டி வெறும் மண்ணாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எல்லாக் கிழங்கும் சொல்லி வைத்தாற்போல் பூக்கும். மாலையில் மூடிக்கொள்ளும்.

இன்று காலை எங்கள் மாடியில் பதினோரு தொட்டிகள் பூத்திருந்தன. பன்னிரண்டாவது பூக்கவில்லை. அதில்தான் என் ஐந்து கிழங்குகளும் இருந்தன. மஞ்சளுக்கும் ரோஸுக்கும் நானே மகரந்தம் மாற்றி, விதை எடுத்து, இரண்டு வருடம் காத்திருந்து வளர்த்தவை. போன வருடம் ஒரே ஒரு பூ பூத்தது. பழுத்த பப்பாளியின் உள்நிறம். அந்த நிறத்தில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

தொட்டியைக் கிளறினேன். ஒரு கிழங்கும் இல்லை. அதைவிட மோசம், மண்ணே என்னுடையது இல்லை. நான் ஆற்று மணலும் தேங்காய் நாரும் கலப்பேன். இதில் சுத்தமான செம்மண், அழகாகத் தட்டிச் சமன் செய்திருந்தது. கிழங்கை எடுத்தவர் தடயம் தெரியாமல் மண்ணையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். என்ன நிதானம்!

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், மலர்க் கண்காட்சியில் பழக்கம். போன மாதம் எங்கள் மாடிக்கு வந்தவர் அந்தத் தொட்டியருகே பத்து நிமிடம் நின்றார். "இதுல ஒரு கிழங்கு கெடைக்குமாம்மா?" என்று கேட்டார். முடியாது என்றேன். திருடிய கிழங்கானாலும் இன்று பூத்தே தீர வேண்டும். பூ மூடுவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

"போறதுதான் போறே, சாயங்காலம் மாலதியாத்துக் கொலுவுக்கும் தலையைக் காட்டிட்டு வந்துடு" என்றாள் அம்மா. மாலதி என் அக்கா, அடையாறில் இருக்கிறாள். தொட்டியைப் பற்றி வீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

பத்தரை மணி. லஸ் முனையில் 12பி. தி.நகருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கண்டக்டர் பார்த்தார்.

"இன்னாம்மா, கொத்து வேலைக்கா போய்க்கினு கீற?"

"செடி வேலை."

"தி.நகர்ல ஏதும்மா செடி? ஆளுங்கதான் மொளைச்சிக்கினு கீறாங்க. உள்ள போ, உள்ள போ!"

பதினொன்றே கால். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து. தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வழக்கமாக, "வாம்மா, மாடிக்குப் போவோம்" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. இன்று, "வாம்மா, காப்பி சாப்பிடுதியா?" என்றார். குறித்துக்கொண்டேன்.

"மாடியைப் பார்க்கலாமா?"

"மாடியில என்னம்மா இருக்கு, ஒரே சகதி."

"பரவாயில்லை. இன்னிக்கு எல்லாம் பூத்திருக்குமே."

வேறு வழியில்லாமல் கூட்டிப்போனார். நான்கு மாடி ஏறினோம். வெள்ளையும் ரோஸுமாக அவருடைய லில்லிகள் பூத்துத் தள்ளியிருந்தன. என் கண் அவற்றில் நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மூன்று தொட்டிகள், ஈரச் சாக்கு போட்டு மூடி, சணல் கயிற்றால் கட்டியிருந்தன.

"அது என்ன?"

"அது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததைக் கட்டி வைப்பாங்களா, அண்ணாச்சி?"

"வேண்டாம்மா, கீழ போவோம்."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. "என் கிழங்கு அஞ்சும் அதுலதானே இருக்கு? மண்ணை மாத்தினா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அண்ணாச்சி குனிந்து கயிற்றைத் தானே அவிழ்த்தார். மூக்கில் அடித்தது அழுகல் நாற்றம். உள்ளே பழுப்பாகக் கரைந்துபோன கிழங்குகள். என்னுடையவை இல்லை.

"குங்குமப்பூக் கெழங்கு" என்றார். "சால்வை விக்க வார காஷ்மீர்க்காரர் கொண்டாந்து குடுத்தாரு. தெனம் ஐஸ் வாங்கிச் சுத்தி வெச்சேன். இந்த வெக்கைக்குத் தாங்கல. கார்த்திகைக்குள்ள என் மாடியில குங்குமப்பூ பூக்கும்னு தெரு பூரா சொல்லிட்டேன். அண்ணாச்சி, பூ எப்பன்னு தெனம் நாலு பேரு கேக்காவ. அழுவிப்போச்சுன்னு எப்படிச் சொல்ல? அதான் மூடி வெச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. ஏதோ முனகியிருப்பேன். அவர் சாக்கை மறுபடி போர்த்தினார். "ஒன் கெழங்கு கெடைச்சா சொல்லி அனுப்பு" என்றார். காப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பன்னிரண்டரை மணி. பனகல் பூங்காவில் ஒரு பெஞ்சு. அங்கேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் மூளை நிற்கவில்லை. காஷ்மீர்க் கிழங்கு அழுகியது சரி, என்னுடையதை வீட்டில் வேறு எங்காவது வைத்திருந்தால்? இப்படியும் நினைத்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

மூன்றேகால். 47ஏ, ஏழு கிலோமீட்டர். சைதாப்பேட்டை தாண்டி, கிண்டிப் பூங்காவின் மதிலோரமாக வந்தபோதுதான் கொஞ்சம் காற்று.

நான்கு மணி, அடையாறு. அக்காவின் வீடு மூன்றாவது மாடி. ஏழு படிக் கொலு. படிகளுக்குக் கீழே, தரையில் பிளாஸ்டிக் விரித்து மண் கொட்டி வழக்கம்போல ஒரு பார்க். கண்ணாடித் துண்டில் குளம், அட்டையில் மலைக்குகை, புல்லுக்குப் பதில் முளைவிட்ட கடுகு. மளிகைக் கடை செட்டியார் பொம்மைக்குப் பின்னால், அவர் தலைக்கு மேலே உயர்ந்து, இரண்டு பூக்கள்.

பப்பாளி நிறம்.

"நன்னாருக்கோல்லியோ?" என்றாள் அக்கா. "கடுகைத் தெளிச்சுத் தெனம் தண்ணி விட்டேன், அவ்வளவுதான். இது எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியலை. எதிராத்து மாமி பிளாஸ்டிக்கான்னு கிள்ளியே பார்த்துட்டா."

"மண் ஏது?"

"நம்மாத்து மாடியிலேர்ந்துதான். போன வாரம் நீ கிளாஸுக்குப் போயிருந்தே. ஒரு தொட்டி காலியாக் கிடந்தது, மண்ணும் பொலபொலன்னு இருந்தது. காலியா விட்டா நீ கத்துவேன்னு கொல்லையிலேர்ந்து செம்மண் போட்டு ரொப்பிட்டேனே. ஏன்டி, முகம் ஏன் இப்படிப் போறது?"

நான் கரண்டியை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "கொலுவைக் கலைக்கவா பார்க்கறே? சரஸ்வதி பூஜை முடியட்டும்."

தி.நகரில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஓரத்துலேர்ந்து ரெண்டு எடுத்துக்கோ. செட்டியார் ஆடக் கூடாது" என்றாள். பூத்த கிழங்கு ஒன்றும் பூக்காத கிழங்கு ஒன்றும் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினேன்.

ஐந்தே முக்கால். மறுபடி தி.நகர். பேருந்தில் வரும்போதே பூ மூடிக்கொண்டுவிட்டது. அண்ணாச்சி செய்தித்தாளைப் பிரித்து, மூடிய பூவின் நுனியை விரலால் மெல்ல விலக்கி நிறத்தைப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"எங்க அக்கா வீட்டுக் கொலுவில."

"அக்காவா?" அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடித்ததும் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"எழுதும்மா. இந்த ரெண்டு கெழங்கையும் நானே மனசாரக் குடுத்தேன். அடுத்த மழைக்கு அண்ணாச்சி மாடியில இது பூத்தா, திருட்டுன்னு சொல்ல மாட்டேன். கீழ கையெழுத்துப் போடு."

விளையாட்டு என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் விளையாடவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான், "காப்பி சாப்பிடுதியா?" என்றார்.

ஏழு மணிக்கு 12பியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் மாடியில் இந்நேரம் பதினோரு தொட்டிகளும் மூடியிருக்கும். பன்னிரண்டாவதில் அதே செம்மண். காலையில் லஸ் முனையில் தலைநிமிர்ந்து ஏறியவள் இப்போது தலைகுனிந்து இறங்குகிறேன், பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் எழுத ஆசை.

ஆனால் அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போது, எதிர்வீட்டு மாமி சுண்டல் வாங்க வந்திருந்தாள். பார்க் அருகே குனிந்து நின்று, "இதுல ஒரு கிழங்கு கிடைக்குமோ?" என்று கேட்டாள்.

மூன்று இருக்கிறது. எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.