எட்டாவது துணி

தன் பெரிய வண்டியின் இன்ஜினுக்குள் சுழலும் டைமிங் செயினை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று டிரைவர் கிளம்பியபோதே, அவர் மனைவிக்குப் பயமாக இருந்தது. அந்த ஒரு வண்டி ஓடித்தான் குடும்பம் நடந்தது.

கழற்றும் போல்ட் எதுவும் இன்ஜினுக்குள் விழாதிருக்க, ஓட்டைகளில் திணிக்கத் துணி கேட்டார். அவள் பழைய போர்வையை எட்டுத் துண்டாகக் கிழித்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் புதுச் செயின் ஏறியது. பசை தடவி, செயினை மறைக்கும் மூடியையும் முடுக்கியாயிற்று. அழுக்குத் துணிகளை அவள் வாளியில் ஊறப்போட்டபோது ஏழுதான் இருந்தன. வண்டிக்கு அடியிலும் தேடிவிட்டு மறுபடி இரண்டு தடவை எண்ணினாள். ஏழு.

அவர் சாவியோடு சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். துணி செயினில் சிக்கினால் இன்ஜினே போய்விடும். அது வேறெங்காவது கிடந்தாலோ, மூடியைப் பிரிப்பது வீண் வேலை.

"ஏங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒரு துணி குறையுது."

"சலவைக் கணக்கை அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி," என்று உதவிக்கு வந்திருந்த கொழுந்தன் சிரித்தான். "காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"நல்லா எண்ணினியா?" என்றார் அவர்.

"மூணு தடவை."

அவர் இறங்கி ஸ்பேனரை எடுத்தார். போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் கொழுந்தன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

மூடி வந்தது. கீழ்ப் பல்சக்கரத்துக்குப் பின்னால், எண்ணெயில் ஊறி, போர்வையின் பூப்போட்ட ஓரம் எட்டிப் பார்த்தது.

கொழுந்தனே அதை இரண்டு விரலால் உருவி, அவளுடைய வாளியில் கொண்டுவந்து போட்டான்.

"எட்டு, அண்ணி. எதுக்கும் நீங்களே இன்னொரு தடவை எண்ணிடுங்க."