குனிந்திருந்த எட்டுப் பெண்களும் என் சொற்பொழிவும்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஜோகுபாளையத்து எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம் வீசும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் என் அம்மாவோடு வேலை செய்த எட்டுப் பெண்கள், வாரம் ஆறு நாளும் "டார்கெட்" முடிக்கக் குனிந்து குனிந்து இறுகிப்போன முதுகுகளோடு, பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே வந்து சேர்வார்கள். அவர்களுக்கு யோகா கற்பித்தவள், தொண்ணூறுகளின் இறுதியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். யோகாவில் ஒரு கோப்பையும் பேச்சில் ஏழு கோப்பைகளும் வென்றவளுக்கு வேறென்ன தகுதி வேண்டும் என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிறன்று, கால்களை நீட்டி அமர்ந்து, முன்னால் குனிந்து, கால் கட்டைவிரலைப் பிடிக்கும் ஆசனம். காலர் தைக்கும் செல்வி அக்காவுக்கு விரல் எட்டவில்லை. போட்டிக்கு முன் பள்ளி யோகா மாஸ்டர் எங்களுக்குச் செய்தபடியே, அவர் முதுகில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தினேன். பத்து எண்ணி விட்டுவிட வேண்டிய இடத்தில், மனித உடலின் மாண்பைப் பற்றி முன்னுரையும் மூன்று சான்றுகளும் எழுச்சிமிக்க முடிவுரையுமாக ஒரு சொற்பொழிவை நிகழ்த்தினேன். எட்டுப் பேரும் அசையாமல் குனிந்திருந்ததை, அவையினர் மெய்மறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் செல்வி அக்காவால் எழவே முடியவில்லை. புதன்கிழமைக்குள் வராவிட்டால் அவர் மெஷினில் வேறு ஆளை உட்காரவைப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். "நீ பேசி முடிக்கிற வரைக்கும் அவ முதுகு காத்திருக்கணுமாடி?" என்றார் அம்மா. வழிநெடுக மன்னிப்புரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒருக்களித்துப் படுத்திருந்த அக்கா என்னைக் கண்டதும் சிரித்தார்.

"பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. முடிஞ்சதும் நிமிரலாம்னு பாத்தேன், நீ எங்க முடிச்ச?"

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமேக்கா?"

"டீச்சரம்மா பேசும்போது குறுக்க பேசலாமா?"

தயாரித்த மன்னிப்புரையை விட்டுவிட்டு, அவர் முதுகுக்கு ஒரு தலையணையை அண்டக்கொடுத்தேன்.

புதன்கிழமை, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டாவது அவர் மெஷினில் உட்கார்ந்துவிட்டார், வேலை பிழைத்தது. மூன்று வாரம் கழித்து மாடிக்கு வந்தவருக்கு நாற்காலி போட்டேன். "போதும்" என்பதற்கு எங்கள் தெருத் தமிழரும் சொல்லும் கன்னடச் சொல்லான "சாக்கு" என்பதை யார் சொன்னாலும், என் வாக்கியம் பாதியில் இருந்தாலும், அவர் நிமிர்ந்துவிடலாம் என்று விதி வகுத்தேன். மரியாதை கருதி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே ஆசனத்துக்கு முன் அந்தச் சொல்லையே பயிற்சி கொடுத்தேன். முழங்காலைத் தொட்டதும் செல்வி அக்கா முதலில் "சாக்கு!" என்று கூவினார், மாடியே சிரித்தது.

அந்த மொட்டைமாடி இன்று இல்லை. அங்கே நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. தொழிற்சாலையும் ஊருக்கு வெளியே போய்விட்டது. செல்வி அக்கா மட்டும் அன்றாடம் பத்து நிமிட யோகாவை விட்டதில்லை. கட்டைவிரல் இன்றும் எட்டவில்லை. எட்ட வேண்டும் என்று அவரும் நினைப்பதில்லை. சென்ற மாதம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது, தம் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

"உக்காரு கண்ணு, சேந்து செய்யலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."