ஆயுத பூசைக்கு வந்த ரிவால்வர்

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் துவக்கு வாங்கிச் சேர்க்கிறானாம் என்று ஜேர்மனியின் எசன் நகரில் உள்ள எங்கள் சனம் கதைப்பது எனக்குத் தெரியும். கதைக்கட்டும். கலியாண வீடுகளில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற பகிடியும் எனக்குப் பழகிவிட்டது. ஊரில் நான் துவக்கின் முன்பக்கத்தை, சுடுகிற பக்கத்தை, மட்டுமே பார்த்தவன். இது எந்த நாட்டில், எந்தப் பட்டறையில் செய்தது என்று அங்கே கேட்க யாருக்கு வாய் வரும்? இங்கே அதைத் திருப்பிப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, ஆறுதலாக வாசிக்கலாம். அந்த ஆசைதான் என்னைப் பிடித்தது.

நான் சேர்ப்பது ஒரே வகை. பழைய ஜேர்மன் பேரரசின் படைக்காகச் செய்த ரிவால்வர்கள். சேகரிப்பவருக்கான சிவப்பு உரிம அட்டை எடுக்க ஆயுத அலுவலகத்தில் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்து, ஏன், எதற்கு என்று குடைந்த கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, துவக்குகளைப் பூட்டி வைக்க, அலுமாரி என்ற பெயரில் ஒரு இரும்பு மாட்டையும் வாங்கி வீட்டுக்குள் கட்டினேன். தோட்டா ஒன்றுகூட வீட்டில் இல்லை. மனைவிக்கு அதில்தான் நிம்மதி.

ரிவால்வர் வாய் திறந்து பேசாது, முத்திரைதான் பேசும். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் அதைச் செய்த பட்டறையின் எழுத்துகள் இருக்கும். பரிசோதகர் பார்த்து ஏற்றுக்கொண்ட பாகங்களில் முடி சூடிய சிறு எழுத்து ஒன்று. சின்னத் திருகாணியில்கூட எண்ணின் கடைசி இலக்கங்கள் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று மாறினாலும் இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கைப்பிடியின் பின்பட்டையில், அதைச் சுமந்த படைப்பிரிவின் எண். அந்த எண்ணை வாசித்துவிட்டால் அந்த ரிவால்வர் எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டில் இருந்தவர் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு ஜேர்மன்காரர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. எங்கள் பிள்ளைகள் அவரை ஓப்பா, ஜேர்மனில் தாத்தா, என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் எல்லோருக்கும் அவர் ஓப்பாவாகவே ஆகிவிட்டார். என் கிறுக்கு தெரியவந்த பிறகு, ஒருநாள் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்று என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். தகப்பன் வழி வந்தது, முறைப்படி பதிந்து வைத்திருந்தார்.

பார்த்ததும் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நான் சேர்க்கிற அதே வகை. ஆனால் முழுக்கக் கறள், துரு. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், தகப்பன் அதை மெழுகுத் துணியில் சுற்றித் தோட்டக் குடிலின் தரைக்குக் கீழே புதைத்து வைத்திருந்தாராம். பின்பட்டையில் ஏதோ இரண்டு கோடு தெரிந்தது. மற்றதெல்லாம் கறளுக்குள்.

அந்த ரிவால்வருக்கு ஒரு கதை இருந்தது. அவருடைய பூட்டன் சுரங்க வேலைக்கு இந்தப் பக்கம் வருவதற்கு முன் படையில் இருந்தவர். ஆற்றில் அடித்துக்கொண்டு போன ஓர் அதிகாரியை இழுத்துக் கரை சேர்த்தாராம். அதற்கு நன்றியாக, அதே படைப்பிரிவில் இருந்த அந்த அதிகாரி தன் ரிவால்வரைக் கொடுத்தாராம். பாட்டன் சொல்லி, தகப்பன் சொல்லி, கடைசியாக அந்தக் கதை ஓப்பாவின் கையில் நின்றது. பூட்டனின் படைப்பிரிவு எது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இனித் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பின்பட்டையில் அதே எண் இருக்கிறதா?

"நான் போவதற்கு முன் அது தெரிய வேண்டும்" என்றார் ஓப்பா. "எங்கள் வீட்டிலிருந்து மிஞ்சியிருப்பது இந்தக் கதை ஒன்றுதான்."

நான் வாக்குக் கொடுத்தேன். எனக்குப் பெரிய சந்தோஷம். வாத்தியார் வேலை பார்க்கக் கிடைத்தால் விடுவேனா? என்னுடைய ரிவால்வர்களை மேசையில் வைத்து அவருக்கு முத்திரை வாசிக்கப் பழக்கினேன். கறளைச் சுரண்டக் கூடாது, எண்ணெய் பூசி ஊறவிட்டு மரக்குச்சியால் மெல்ல நீக்க வேண்டும், தேய்த்தால் எழுத்தும் போய்விடும், முத்திரை பொய் சொல்லாது, எழுத்துப் போனால் எல்லாம் போச்சு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் நல்ல மாணவன். குளிர்காலமும் கோடையும் முழுக்கத் தன் சமையலறையில் இருந்து பொறுமையாக எண்ணெய் பூசினார்.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூசை. மனைவியின் தையல் மெசின், கத்தரிக்கோல், சமையல் கத்தி, பிள்ளைகளின் புத்தகங்கள், நான் வேலைக்குப் போகிற பட்டறையில் பாவிக்கிற அளவுகோல்கள் எல்லாம் சாமிப்படத்துக்கு முன்னால் ஏறும். சட்டம் விடுகிற அளவில், என் கண் முன்னாலேயே, ஒரு ரிவால்வரும் ஏறும். ஓப்பாவையும் கூப்பிட்டேன். இது என்ன விழா என்று கேட்டார். வேலை செய்கிற சாமான்களைத் துடைத்துச் சுத்தமாக்கிச் சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிற நாள் என்றேன்.

"அப்படியென்றால் என்னுடையதும் சுத்தமாக வர வேண்டும்" என்றார். நான் சிரித்தேன்.

பூசைக்கு அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பூட்டுப் போட்ட பெட்டியோடு வந்தார். திறந்தார். உள்ளே ரிவால்வர் கல்யாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மின்னியது. கறள் இல்லை. பழைய இரும்பின் கருநிறம் இல்லை. பின்பட்டையைத் திருப்பினேன். மொழுமொழு என்று வெறும் இரும்பு. கோடுகூட இல்லை.

"ஐயோ" என்று கத்திவிட்டேன். இவ்வளவு சொல்லியும் இந்த மனுசன் இப்படிச் செய்துவிட்டாரே என்று தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருக்கு விளங்காது என்பதுதான் என் தைரியம்.

"இஞ்சாருங்கோ, என்னத்துக்கு நல்ல நாளிலை கத்திறியள்?" என்றாள் மனைவி. "எவ்வளவு வடிவாத் துடைச்சுக் கொண்டு வந்திருக்கிறார். உங்கடையும் இருக்கே, கறள் பிடிச்சபடி."

அவள் ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். ரிவால்வருக்கு வந்ததும் ஓப்பா குனிந்து, பின்பட்டையில் தேய்ந்த அந்த இடத்தை விரலால் காட்டினார். அவளும் அங்கேயே பொட்டு வைத்தாள். அவர் கையைக் கூப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அவலும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கதவுவரை கொண்டுபோய் விட்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எழுத்து வந்தது" என்றார். "நீங்கள் சொன்னபடியே, மரக்குச்சியால். மிகத் தெளிவாக வந்தது. எங்களுடைய படைப்பிரிவு இல்லை. முற்றிலும் வேறு ஒன்று."

நான் அவசரமாகச் சொன்னேன். படை கழித்துவிட்ட ரிவால்வர்கள் கைமாறியிருக்கின்றன, பூட்டன் வேறு வழியில் வாங்கியிருக்கலாம், அதிகாரி வேறு பிரிவிலிருந்து வந்தவராக இருக்கலாம். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், சிறு பிள்ளைக்குத் தலையாட்டுவது போல.

"முத்திரை பொய் சொல்லாது என்று சொன்னது நீங்கள்தான்" என்றார். "மூன்று நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னதும் அந்த ஆற்றுக் கதைதான். அவரை நான் பொய்யர் ஆக்க முடியாது. அப்போதுதான் நீங்கள் பூசைக்குக் கூப்பிட்டீர்கள். துடைத்துச் சுத்தமாக்கிக் கும்பிடுகிற நாள் என்று சொன்னீர்கள்."

அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிள்ளைகளுக்கு ஆற்றுக் கதையை அவர் முன்பு போலவே சொன்னார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை. முத்திரை போனதற்காக அல்ல. அவருக்கு நான் வாசிக்கப் பழக்கியிருக்கவே கூடாது. கறளோடு விட்டிருந்தால், ஆற்றில் குதித்த பூட்டனோடு அந்த மனுசன் நிம்மதியாகப் போயிருப்பார். எனக்குத் துவக்கின் பின்பக்கம் வேண்டியிருந்தது. அது என் ஆசை. அதை ஏன் அவர் தலையில் கட்டினேன்? அறிவு நல்லது என்று சொல்லியே வளர்ந்த சாதி நாங்கள், யாருக்கு நல்லது என்று கேட்கப் பழகவில்லை.

ஓப்பா போய்விட்டார். ரிவால்வரை எனக்கு எழுதிவைத்திருந்தார். அலுவலகத்துக்கு டெர்மின், முன்பதிவு நேரம், எடுத்து அலைந்து என் அட்டையில் ஏற்றிக்கொண்டேன். இப்போது அது அந்த அலுமாரி இரும்பு மாட்டுக்குள் இருக்கிறது, தடவிப் பார்த்தால் குங்குமம் இன்னும் விரலில் ஒட்டுகிறது.

சென்ற இலையுதிர்காலத்தில் சேகரிப்பாளர் சந்தை ஒன்றுக்கு அதைக் கொண்டுபோனேன், தேயாமல் தப்பியிருந்த பட்டறை எழுத்தை ஒருவரிடம் சரிபார்க்க. அவர் இந்த விஷயத்தில் பெரிய விண்ணர், கெட்டிக்காரர். கையில் எடுத்துப் பின்பட்டையைத் திருப்பினார், முகம் சுருங்கிவிட்டது. நான் முதலில் கத்திய அதே கத்தல்.

"எந்த மடையன் இதைத் தேய்த்தது?"

"நான்தான்" என்றேன்.