தாடையில் கேட்ட தாலாட்டு

ஐம்பதைத் தாண்டிய ஆள் ஒருவன் வயலின் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால், திருப்பூரில் முதலில் வரும் கேள்வி "எதுக்குங்க?" என்பதுதான். அடுத்தது, "அதுல என்னங்க கெடைக்குது?" நூல் விலை, சாயப்பட்டறை, ஆர்டர் இந்த மூன்றை விட்டு வேறு எதைப் பேசினாலும் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று பார்க்கிற ஊர் எங்கள் ஊர். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வரும் சுபாவம். "உங்களுக்கு எதுக்குங்க அது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உண்மையான பதில் இதுதான். எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடக் காலம் முழுக்க வயலின் படித்தாள். கல்லூரிக்குப் போனதும் அது குறைந்தது. கல்யாணமாகிக் கணவனோடு வெளிநாடு போனபோது பெட்டி பரண் மேல் ஏறிவிட்டது. அவளுடைய சைக்கிள், புத்தகம், பாவாடை சட்டை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது அந்த வயலின் ஒன்றுதான். ஒருநாள் என் மனைவி அதையும் இறக்கித் தூசி தட்டினாள்.

"ஏனுங்க, இதை எங்கண்ணன் பேத்திக்குக் குடுத்துப்போடலாங்களா? சும்மாதான கெடக்குது."

"குடுக்க வேண்டாம். நான் வாசிக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கறாராகச் சொன்னாள். "சரிங்க. நம்ம பாப்பா அடுத்து ஊருக்கு வர்றப்ப ஒரு பாட்டாவது முழுசா வாசிச்சுக் காட்டுங்க. இல்லீன்னா இது எங்கண்ணன் ஊட்டுக்குத்தான் போகும்." நானும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன். அந்தப் பெட்டியும் போய்விட்டால் மகள் இந்த வீட்டில் வளர்ந்ததற்கே அடையாளம் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. அதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

முதல் வாத்தியார் அனுப்பர்பாளையத்தில் கிடைத்தார். பாத்திரப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடி வீடு. என் வயதுதான் இருக்கும், தங்கமான மனிதர். ஜமக்காளத்தில் சுற்றிலும் சின்னப் பிள்ளைகள், நடுவில் தொப்பையோடு நான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தை நெஞ்சோரம் சாய்த்துக்கொள்ள வேண்டும். கையைத் தொட்டு விரலை வைத்துக் காட்டுவது அவர் வழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். நாம் தேடிப் பிடிக்க வேண்டும். "காதுல வாங்குங்க, கை தானா போகுமுங்க" என்பார். பிள்ளைகளுக்குப் போயிற்று. எனக்கும் கீழ் ஸ்வரங்களில் ஓரளவு போயிற்று. மெல்லிய கம்பியில் மேலே ஏறினால்தான் வம்பு. "இன்னும் கொஞ்சம்... இன்னும்... அடடா, தாண்டிட்டீங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, இருட்டில் சுவிட்சைத் தடவுகிறவன் மாதிரி நான் விரலை நகர்த்திக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருந்த பொடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கடைசியில் ஒருநாள் காபி கொடுத்து உட்கார வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. தாளம் உங்களுக்கு அத்தனை சுத்தமா இருக்குதுங்க. சுருதி ஞானந்தான் வரலீங்க. மிருதங்கம் பாருங்களேன்." தாளம் சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும்? மீசை முளைக்காத வயதிலிருந்து நிட்டிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் நான். முதலிபாளையத்தில் சொந்தமாக ஷெட் போட்டு, பனியன் துணி ஓட்டிக் கொடுக்கிற ஜாப் ஒர்க்தான் பிழைப்பு. காபியைக் குடித்துவிட்டுக் கும்பிடு போட்டு வந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தது செல்போன் வாத்தியார். எங்கோ சென்னையில் இருந்தபடி வீடியோ காலில் பாடம் எடுப்பவர். நான் வில்லை இழுத்ததும் அவர் முகத்தைச் சுளித்து, "சார், வாசிங்க" என்பார். "வாசிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்பேன். பிறகுதான் விளங்கியது. பேச்சுக்கு நடுவே வரும் இரைச்சலை அமுக்கிவிடுகிற வசதி அந்தப் போனில் இருந்திருக்கிறது. நான் வாசித்ததை அது இரைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டது. அந்தப் போனுக்கு இருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பு மட்டும் அதோடு நின்றுபோனது.

அந்த ஐப்பசி மழையில் கம்பிகளை முறுக்கும் பிருடைகள் இறுகிக்கொண்டன. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் கிறீச்சென்று கத்தின. ஷெட்டுக்கு எடுத்துப் போய் எங்கள் ஃபிட்டரிடம் காட்டினேன். எங்கள் தொழிலில் கத்துகிற பொருளுக்கு ஒரே வைத்தியம்தான். "ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டா வெண்ணெயாட்டம் திரும்புமுங்க மொதலாளி" என்றார். விட்டோம். வெண்ணெயாட்டமே திரும்பியது. அதற்கப்புறம் எந்தக் கம்பியும் முறுக்கிய இடத்தில் நிற்கவில்லை. முறுக்கிக் கையை எடுத்தால் தொய்ந்து தொங்கியது. வாத்தியக் கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சர்ச்சில் வயலின் வாசிக்கிற ஒரு டீச்சர் இதையெல்லாம் சரிசெய்வார் என்று வழி சொல்லி அனுப்பினார். எண்ணெய் விட்டதால்தான் எனக்கு அந்த டீச்சர் கிடைத்தார்.

டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். முப்பது முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். அவர் கணவர் ஒரு சாயப்பட்டறையில் மேனேஜர். பெட்டியைத் திறந்து பிருடையை முகர்ந்து பார்த்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இது? எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கிய?"

பிருடைகளைக் கழற்றி, துணியால் துடைத்துத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்து மாட்டினார். கம்பி நின்றது. நான் அங்கேயே, "எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முதல் வாத்தியார் சொன்னதையும் மறைக்கவில்லை. "சுருதி ஞானம் இல்லைனு சொல்லிப்போட்டாருங்க."

"அதை நான் பாத்துக்கிடுதேன். இங்கன வாங்க. சுவத்தப் பாத்து நில்லுங்க. சத்தம் கேட்டா கையத் தூக்கணும், நின்னா இறக்கணும். அவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவன் மாதிரி சுவரைப் பார்த்து நின்றேன். எனக்குப் பின்னால் அவர் வாசித்தார். கனத்த கம்பி, தூக்கினேன். அடுத்தது, தூக்கினேன். கை ஏறி ஏறி இறங்கியது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. வாசலில் துணி ரோல் ஏற்றிய டெம்போ போனது கேட்டது. அடுப்பில் என்னவோ கொதிக்கிற வாசம் வந்தது. டீச்சர் உள்ளே போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"கேக்குதா அண்ணாச்சி?"

"நீங்க இன்னும் வாசிக்கவே இல்லீங்களே."

அவர் நடந்து என் முன்னால் வந்தார். வில் போய்க்கொண்டிருந்தது. மெல்லிய கம்பியின் உச்சியில் விரலை வைத்து, நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே வந்து நின்றார். காகிதத்தை நகத்தால் கீறுகிற மாதிரி என்னவோ ஒன்று மட்டும் எனக்கு வந்தது.

"சுருதி ஞானமெல்லாம் உங்களுக்கு இருக்கு. காதுதான் அம்புட்டு மேல எட்ட மாட்டேங்கு. எத்தன வருசமா மெஷின் கூட இருக்கிய?"

எனக்குத் தெரியவே தெரியாது. எப்படித் தெரியும்? மெஷின்காரர் வீடுகளில் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். மெதுவாகப் பேசினால் சண்டை என்று அர்த்தம். டாக்டரிடம் போனேன். வருஷக்கணக்கான இரைச்சல் மெல்லிய சத்தங்களைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் சொன்னேன். "நான் கூப்புட்டா நீங்க வேணும்னேதான் திரும்பறதில்லைனு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றாள். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் என்னென்ன எனக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அதே வாரம் மகளிடமிருந்து சேதி வந்தது. உண்டாகியிருக்கிறாள், ஏழாம் மாதம் ஊருக்கு வந்துவிடுவாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் என் காது விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று நானும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டோம். ஒரு பாட்டை முழுசாகப் படிக்க எனக்கு இருந்த நாட்கள் கொஞ்சம்தான். காது வேறு பாதி. விட்டுவிடலாம் என்று டீச்சரிடமே போய்ச் சொன்னேன்.

"காது போனா என்ன, தாடை இருக்குல்லா?" என்றார்.

அவர் முறையில் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். வயலினைத் தோளில் வைத்துத் தாடையால் பிடிக்க வேண்டும். முதலில் வில்லே கிடையாது. விரலால் கம்பியைச் சுண்டி, தாடையில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். "விரல் சரியான எடத்துல விழுந்தா பக்கத்துக் கம்பி தானா அதிரும், கட்டை முழுக்க நடுங்கும். ஒரு நூல் தள்ளி விழுந்துட்டா அந்த நடுக்கம் செத்துப்போகும். தேடிப் பாருங்க." இதை எனக்கு விளக்க வேண்டியதே இல்லை. மெஷினில் ஊசி உடைந்தால் அத்தனை இரைச்சலில் யாரும் காதால் கண்டுபிடிப்பதில்லை. சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைப்போம், தெரிந்துவிடும். இத்தனை காலம் கையால் செய்ததைத் தாடையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் விரல் சரியாக விழுந்தபோது பல் வரைக்கும் கிறுகிறுத்தது. நான் "ஆ!" என்று கத்தினேன். டீச்சர் சிரித்தார். "அதுதான் அண்ணாச்சி சுருதி" என்றார்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஷெட்டிலிருந்து பஞ்சுத்தூசியோடு நேரே போவேன். அது வில்லில் ஒட்டுகிறது என்று சட்டையை உதறிவிட்டு வரச் சொல்வார். மூன்று தடவைக்கு மேல் தப்பு செய்தால் "எங்கன பாக்கிய?" என்று அதட்டுவார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் அவர் அதட்டினால் மறுபேச்சில்லாமல் முதலிலிருந்து தொடங்குவேன். ஷெட்டில் என்னை அதட்ட ஆள் இல்லாததால் அது பிடித்தும் இருந்தது. பிற்பாடு டீச்சரின் கணவருக்கு ஊர்ப்பக்கமே வேலை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். அந்த வீட்டில் இப்போது யாரோ தைத்த பனியனைச் சரிபார்க்கிற செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார்கள். அந்தத் தெரு வழியாகப் போனால் வண்டியை என்னையறியாமல் மெதுவாக்குவேன்.

என்ன பாட்டு வேண்டும் என்று டீச்சர் கேட்டதற்கு, என் மனைவி மகளைத் தொட்டிலில் ஆட்டும்போது பாடிய தாலாட்டு வேண்டும் என்றேன். புத்தகத்தில் இல்லாத, அவளாகக் கட்டிய மெட்டு. மனைவியை மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். "அய்யோ, எனக்கு வராதுங்க" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டவள், டீச்சர் "சும்மா மெதுவா முனகுங்கக்கா" என்றதும் பாட ஆரம்பித்து நிறுத்தவேயில்லை. டீச்சர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் கனத்த கம்பிகளுக்கு இறக்கி, எனக்கு எட்டுகிற இடத்தில் அமைத்துக் கொடுத்தார்.

மகள் வந்தாள். முகமெல்லாம் பூரித்து, நடையும் மாறியிருந்தது. மறுநாள் காலை சாப்பாடு முடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். அவள் கண்ணை அகல விரித்தாள். எழுந்து நின்று தோளில் வைத்துத் தாடையை அழுத்தினேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனால் முழுசாக வாசித்தேன்.

"அம்மாவோட பாட்டுங்களாப்பா!" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில், சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தது என் வாயிலிருந்து நழுவிவிட்டது. "மேல போனா எனக்குக் கேக்கறதில்ல கண்ணு. அதனாலதான் டீச்சர் கீழயே எழுதிக் குடுத்தாங்க."

அவள் திடுக்கிடவே இல்லை.

"தெரியுங்ப்பா."

"அம்மா சொன்னாளா?"

"இல்லீங்ப்பா. ஏழாவது படிக்கறப்பவே தெரியும். மேல் கம்பில வாசிச்சா நீங்க பேப்பரை எடுத்துக்குவீங்க. கீழ வந்தா பேப்பரை வெச்சுட்டுக் கேப்பீங்க. அதனால நீங்க ஊட்ல இருந்தா எல்லாப் பாட்டையும் கீழ எறக்கித்தான் வாசிப்பேன். அது பழகிப்போய் எங்க மிஸ்கிட்டக்கூடத் திட்டு வாங்கியிருக்கறேன்."

நான் வயலினைத் தோளிலிருந்து இறக்கினேன். வயலின் என்றாலே அடிவயிற்றிலிருந்து பேசுகிற வாத்தியம் என்றுதான் அத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அந்தக் குரலுக்காகத்தான் அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்க மனசு வராமல் இருந்தது.

வயலினை அவளிடம் நீட்டினேன். "இப்ப உங்கம்மா பாட்டை, அது எப்படி இருக்கோணுமோ அப்படி வாசி."

"உங்களுக்குக் கேக்காதுங்ளேப்பா."

"பரவால்ல சாமி, வாசி."

வயிற்றுக்கு மேல் வாகாகச் சாய்த்துக்கொண்டு மெல்லிய கம்பியில் தொடங்கினாள். கை பழக்கம் விட்டுப்போகவில்லை. விரல்கள் மேலே மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கத்தான் முடிந்தது. சமையல்கட்டு வாசலில் நின்ற என் மனைவி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "எத்தனை நல்லா இருக்குது தெரியுங்களா!" என்று கத்தினாள். அது எனக்கு நன்றாகக் கேட்டது.