தலை மடக்கிய சீட்டு

ஈரச் சாக்கில் சுற்றி வைத்த பீடி இலைக்கு ஒரு வாசம் உண்டு. மழை விட்டதும் காட்டுக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசத்தோடு புகையிலைத் தூளின் காரலும் கொஞ்சம் சேர்ந்தது. அதை முகர்ந்துகொண்டேதான் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முக்கூடலுக்குப் போகும் வழியில், தாமிரபரணிக் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில் ஆண்கள் வயலுக்கும் அரிசி ஆலைக்கும் போய்விட, பெண்கள் எல்லோரும் மடியில் "சொளவு" என்னும் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை நகத்தால் உள்ளே தள்ளி மூடுவதற்குத் "தலை மடக்குதல்" என்று பெயர். என் அம்மாவின் விரல்கள் அதைத் தானாகவே செய்யும். பேருந்தில் சீட்டு வாங்கினால், இறங்குவதற்குள் அதற்கும் தலை மடங்கியிருக்கும்.

பகலில் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. தெருமுனையில் ஊராட்சி கட்டிக்கொடுத்த பெண்கள் கழிப்பிடம் பூட்டியே கிடந்ததும், உள்ளே எங்கள் வார்டு உறுப்பினரின் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்ததும், பெண்கள் கால்வாய்க்கரைக்குப் போக இருட்டும்வரை காத்திருந்ததும்தான் அதற்குக் காரணம் என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. அந்த உறுப்பினர் வேறு யாருமில்லை, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா. நாங்கள் குடியிருந்ததும் அவர் வீட்டுப் பின்கட்டில்தான்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெரியப்பா மறுபடி நின்றார். அவருக்குக் கட்டில் சின்னம். எதிர்த்து நின்றவள், புருஷனை இழந்து எங்கள் தெருவிலேயே பீடி சுற்றிப் பிழைத்த பேச்சியத்தை, அவளுக்குச் சீப்பு. கூட்டமும் இல்லை, கொடியும் இல்லை. இலை நனைக்க வந்த இடத்தில், "கதவைத் தொறந்து தண்ணி வர வச்சிருதேன் தாயி, வேற ஒண்ணும் சொல்லத் தெரியல" என்பாள், அவ்வளவுதான்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் பெரியப்பா பின்கட்டுக்கு வந்து, "ஏலே தம்பி, ஒன் வீட்டுல எத்தனை ஓட்டு?" என்றார்.

"ரெண்டும் ஒங்களுக்குத்தான் அண்ணே" என்றார் அப்பா.

அம்மா நிமிரவில்லை. 'ரெண்டும்' என்ற சொல் விழுந்தபோது இலை நறுக்கிய கத்தரி மட்டும் ஒரு கணம் நின்றது.

மறுநாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போனேன். அட்டை மறைப்புக்குக் கீழே அவள் பாதம் மட்டும் தெரிந்தது. கூட அப்பா இல்லை, பெரியப்பா இல்லை, நானும் இல்லை. என் அம்மா முழுக்கத் தனியாக நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பைய மடிம்மா, மை ஒட்டிரப்போகுது" என்று அதிகாரி சொன்னது வாசலுக்குக் கேட்டது.

பெரியப்பா தோற்றுப்போனார். எண்ணும் இடத்துக்கு அவருடைய ஏஜெண்டாகப் போயிருந்த சுடலை மாமா, செய்தியை முற்றத்தில் நின்று சொன்னார்: "அண்ணாச்சி, பெட்டியைக் கவுத்தா பீடிக் கட்டை அவுத்த மாதிரில்லா கொட்டுது! சுருட்டி, ரெண்டு பக்கமும் தலையை மடக்கி... பிரிச்சா பூராவும் சீப்பு, வே!"

பெரியப்பா நேரே பின்கட்டுக்கு வந்தார். "ஒன் கைவேலையும் அதுல கெடந்துச்சோ? இருக்குதது ஆரு வீடுன்னு நெனப்பு இருக்கா?" அன்று சாமான்களோடு தெருவில் நிற்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

அம்மா சொளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "அத்தான், நம்ம தெருவுல பீடி சுத்தாத பொம்பளை ஆரு இருக்கா? ஒங்க வீட்டு அக்காவுந்தான் சுத்துதாவ."

சுடலை மாமா இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். பெரியப்பா மெல்லத் திரும்பி முன்கட்டைப் பார்த்தார். அங்கே பெரியம்மா குனிந்த தலை நிமிராமல், ரொம்பக் கவனமாக, கட்டுக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவர் வீட்டைப் பற்றிப் பேசவேயில்லை.

ஒரே மாதிரி மடங்கிய சீட்டுகளில் எது எவளுடையது என்று எங்கள் தெருவில் எந்த ஆணுக்கும் கடைசிவரை தெரியவில்லை. அப்பா ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "ஒங்ககிட்ட நான் கேட்டனா?" என்றாள் அம்மா. கழிப்பிடம் திறந்து குழாயில் தண்ணீர் வந்த அன்று, அப்பா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, அவள் சொளவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆலைக்குப் போனார். நடுமதியத்தில், வெட்டவெளிச்சத்தில், அம்மா அதை அண்ணாந்து குடித்து முடித்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். பல தேசங்களில் பெண்கள் ஓட்டுக்காகத் தெருவில் நின்று போராடிச் சிறைக்குப் போனார்கள் என்றும், நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து ஓட்டு வந்தது என்றும், அப்போதும் தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு 'இன்னார் பெண்சாதி' என்று மட்டும் சொன்ன பெண்கள் பலர் பட்டியலில் ஏறாமல் போனார்கள் என்றும் பிற்பாடு படித்தேன். படித்ததை அம்மாவிடம் சொன்னேன். "ஓட்டு எப்பமோ வந்துட்டு. எனக்குன்னு நான் போட்டது அன்னைக்குத்தான்" என்றாள். அதற்குமேல் எந்தச் சின்னம் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது நான் ஆசிரியன். போன உள்ளாட்சித் தேர்தலில் வேறொரு ஒன்றியத்தில் வாக்கு எண்ணும் வேலை எனக்குப் போட்டிருந்தார்கள். பெட்டி வருவதற்கு முன் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் ஏஜெண்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் பெண்கள் எல்லாம் வேனில் ஏறித் தையல் கம்பெனிக்குப் போகிறார்களாம். பீடி சுற்றுவது இன்னும் ஒரே ஒரு கிழவிதானாம்.

பெட்டியைக் கவிழ்த்தார்கள். தட்டையாக மடித்த சீட்டுகளுக்கு நடுவில், விரல் தடிமனில் சுருண்டு, இரண்டு பக்கமும் தலை மடங்கிய ஒரே ஒரு சீட்டு என் பக்கம் உருண்டு வந்தது. எங்கள் தெருவில் அம்மாவை மறைத்துக்கொள்ள அத்தனை பேர் இருந்தார்கள். இவளுக்கு யாரும் இல்லை. வலைக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பதற்குள் அதை எடுத்து, நகத்தால் தலையைப் பிரித்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். மற்ற எல்லாச் சீட்டையும்போல அது தட்டையானதும், கட்டின் நடுவில் செருகினேன்.